எண்ணெய் எந்தப் பக்கம் போகும்? கடல் கசிவின் முதல் நாளில் நீரோட்டக் கணக்குப் போடும் வழி

2017 ஜனவரி 28, சனிக்கிழமை அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ஏறத்தாழ 2 கடல் மைல் தொலைவில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய பிடபிள்யூ மேப்பிள். இன்னொன்று எண்ணெய்ச் சரக்கோடு உள்ளே வந்த டான் காஞ்சிபுரம். கசிவு பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் முதலில் பேச்சு இருந்தது. அப்புறம் எர்ணாவூர் பாரதியார் நகர்ப் பாறைகளில் தார்போலக் கரிய குழம்பு அப்பிக்கொண்டது. மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று எண்ணெய் தெற்கே இறங்கியது. மாணவர்களும் தீயணைப்பு வீரர்களும் மீனவர்களும் வரிசையில் நின்று வாளியில் அள்ளிய படங்கள் பலருக்கும் நினைவிருக்கும். பிறகு வந்த கணக்குகள் கசிந்தது சுமார் 200 டன் என்றும் அதற்கு மேல் என்றும் சொல்லின.

அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் கருவிகள் இல்லாததைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு மனத்தில் நின்றது நேரம். கப்பல் மோதிய இடத்துக்கும் பாறைக்கும் நடுவே எண்ணெய் பல மணி நேரம் பயணம் செய்கிறது. எங்கே கரையேறும் என்று அந்த நேரத்துக்குள் ஓரளவு சொல்லிவிட்டால், தடுப்பு மிதவைகளும் ஆட்களும் எண்ணெய்க்கு முன்னால் போய் நிற்கலாம். அந்தக் கணக்கில் பாதியைப் பென்சிலாலேயே போட்டுவிடலாம். துறைமுகத்திலோ மாவட்டப் பேரிடர் அலுவலகத்திலோ மீன்வளத் துறையிலோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், கடலியல் படிக்கும் மாணவர்களுக்கும் அதைச் சொல்லித்தரத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் எண்ணெயைப் பார்த்தால் கணக்குப் போட உட்காராதீர்கள், கடலோரக் காவல்படைக்கு 1554 எண்ணில் சொல்லுங்கள். இந்தியாவில் 1996 முதல் நடப்பிலுள்ள தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர் திட்டப்படி ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவர்களுடையது. எண்ணெயின் பாதையை முன்கணிப்பது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம். உங்கள் கணக்கு அதற்கு மாற்று ஆகாது. அந்த முன்கணிப்பு கைக்கு வரும்வரையுள்ள மணி நேரங்களுக்கும், வந்த பிறகு அதைப் புரிந்து படித்துக் கேள்வி கேட்பதற்கும்தான் இது.

முதல் படி: இடமும் நேரமும்

எங்கே, எப்போது, என்ன எண்ணெய், எவ்வளவு, இன்னும் கசிகிறதா? இந்த ஐந்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு என்பதற்கு முதல் நாளில் யாரிடமும் நேர்மையான பதில் இருக்காது. கவலை வேண்டாம். எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்பதை அளவு மாற்றிவிடாது. இடமும் நேரமும் தவறினால்தான் எல்லாமே தவறும்.

இடத்தில் எப்போதும் நடக்கிற தவறு ஒன்று உண்டு. கப்பல்காரர்கள் பாகையும் கலையுமாகச் சொல்வார்கள்: "13 பாகை 14 கலை வடக்கு." கணினியோ தசமப் பாகையைக் கேட்கும். அவசரத்தில் 13.14 என்று தட்டிவிடுவோம். சரியான எண் 13.233. ஒரு பாகைக்கு 60 கலை என்பதை மறந்ததால், கசிவை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டோம்! அட்சரேகையில் ஒரு கலை என்றால் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். இது மனப்பாடமாக இருக்கட்டும்.

நேரமும் அப்படித்தான். காற்று, நீரோட்டக் கோப்புகள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஒரு பயிற்சியில் நான் இந்திய நேரத்தை அப்படியே போட்டுவிட்டு, படம் அழகாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். 1 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) நீரோட்டத்தில் ஐந்தரை மணி நேரம் என்பது 10 கிலோமீட்டர். அன்றிலிருந்து தாளின் மேலே "இ.நே." அல்லது "உ.நே." என்று எழுதாமல் எந்த நேரத்தையும் குறிப்பதில்லை.

எண்ணெயின் வகை எதற்கு? பெட்ரோலும் டீசலும் வெயிலிலும் அலையிலும் பெரும்பகுதி சில நாட்களுக்குள் ஆவியாகியும் சிதறியும் போய்விடும். கப்பல் எஞ்சினுக்கான ஃபர்னஸ் ஆயில் அப்படிப் போகாது. அது நீரைக் குடித்துக் குழம்பாகி மூன்று நான்கு மடங்கு ஊதிக்கொண்டு நாட்கணக்கில் மிதக்கும். முன்னதற்கு ஒன்றிரண்டு நாள் கணக்குப் போதும். பின்னதற்கு ஒரு வாரமாவது பின்தொடர வேண்டும்.

இரண்டாம் படி: காற்றும் வெள்ளமும்

எண்ணெயைத் தள்ளுபவை இரண்டு: அடியில் ஓடும் நீர், மேலே வீசும் காற்று. நீரோட்டத்தைக் கரையோரத்தில் வெள்ளம் என்றே சொல்வார்கள். அது எண்ணெயை முழுசாகத் தன்னோடு கொண்டுபோகும். காற்று தன் வேகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டும் தள்ளும். அந்த 3 விழுக்காட்டில் அலை தள்ளுவதும் அடக்கம். ஆகவே அலைக்கென்று தனியாக எதையும் கூட்ட வேண்டாம்.

இப்போது புதியவர் எல்லோரையும் ஒருமுறையாவது கவிழ்க்கும் விஷயம். காற்றின் திசையை அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறோம். வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று, எண்ணெயைத் தெற்கே தள்ளும். நீரோட்டத்தின் திசையை, வரைபடங்களிலும் கோப்புகளிலும், அது எங்கே போகிறது என்று சொல்கிறார்கள். தெற்கு நீரோட்டம் என்றால் தெற்கு நோக்கிப் போவது. அதனால் "வடகாற்று, தெற்கு நீரோட்டம்" என்று அறிக்கையில் வந்தால் இரண்டும் எண்ணெயை ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன. மீனவரிடம் கேட்கும்போது "வெள்ளம் எந்தப் பக்கம் இழுக்குது?" என்றே கேளுங்கள். குழப்பம் வராது.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திரும்பும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி ஓடும். பிப்ரவரி வாக்கில் திரும்பி, மார்ச், ஏப்ரலில் வடக்கே வலுவாக இழுக்கும். ஜனவரிக் கடைசி இரண்டுங்கெட்டான் காலம். அந்த நாட்களில் மாதச் சராசரிப் படத்தை நம்பினால் எண்ணெய் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். அந்தந்த நாளின் நீரோட்டத்தையே தேடுங்கள். அதற்கு இன்காய்ஸின் கடல்நிலை முன்கணிப்பு உண்டு. கல்பாக்கம், கடலூர் போன்ற இடங்களில் கரையிலிருந்தபடியே மேல்நீரோட்டத்தை அளக்கும் ரேடார்கள் உண்டு. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் கடல் சேவையில் இலவசமாகப் பதிந்துகொண்டு உலகக் கடல் முழுவதற்கும் கோப்புகளை இறக்கலாம்.

மூன்றாம் படி: பென்சில் கணக்கு

கணினி எழுந்திருப்பதற்குள் இதை முடித்துவிட வேண்டும். பயிற்சிக்கு ஒரு கணக்கு, எண்கள் நான் வைத்துக்கொண்டவை.

எண்ணூர்த் துறைமுகத்துக்கு நேர் கிழக்கே, கரையிலிருந்து 2 கடல் மைலில் கசிவு. வடகிழக்குக் காற்று 12 நாட். நீரோட்டம் தெற்கு நோக்கி அரை நாட்.

காற்றின் 3 விழுக்காடு 0.36 நாட். வடகிழக்கிலிருந்து வருவதால் தென்மேற்கே தள்ளும். அதைத் தெற்கு, மேற்கு என்று பிரித்தால் (0.7 ஆல் பெருக்கினால் போதும்) ஆளுக்கு 0.25 நாட். தெற்கு நோக்கி மொத்தம் 0.25 கூட்டல் 0.5, அதாவது 0.75 நாட். மேற்கே, கரையை நோக்கி, 0.25 நாட் மட்டும்.

கரை 2 கடல் மைல். 2 ஐ 0.25 ஆல் வகுத்தால் 8 மணி நேரம். அந்த 8 மணி நேரத்தில் எண்ணெய் தெற்கே 6 கடல் மைல், அதாவது 11 கிலோமீட்டர் போயிருக்கும். கரை நேர்கோடாக இருந்தால் திருவொற்றியூர்ப் பக்கம் ஒட்டும். ஆனால் அங்கே கரை தெற்கே போகப்போக மேற்கே ஒதுங்குகிறது. அதனால் எண்ணெய்க்கு இன்னும் கொஞ்சம் தூரமும் நேரமும் பிடிக்கும். காசிமேடு வரை எச்சரிக்கை கொடுங்கள்.

ஒரு தாள், ஒரு கடல் வரைபடம், பத்து நிமிடம். இவ்வளவுதான்.

இப்போது இதே கணக்கில் காற்றை மட்டும் வடகிழக்கிலிருந்து நேர் வடக்குக்கு மாற்றிப் பாருங்கள். மேற்குத் தள்ளல் பூஜ்யம். எண்ணெய் கரைக்கு வரவே வராது, கரையை ஒட்டித் தெற்கே ஓடிக்கொண்டே இருக்கும். காற்று 45 பாகை திரும்பியதில் காசிமேடு தப்பிவிட்டது, ஆனால் தெற்கே இருக்கிற ஊர்களெல்லாம் பட்டியலுக்குள் வந்துவிட்டன. எண்ணெய் கரையேறுமா என்பதைக் கரைக்குக் குறுக்கான சின்ன வேகம்தான் முடிவு செய்கிறது. அதை உண்டாக்குவது பெரும்பாலும் காற்று. நீரோட்டம் வலுவாகவே இருந்தாலும் கரைக்கு இணையாக ஓடுவதால், எந்த ஊர் என்பதைத்தான் சொல்லும். கரை ஏறுமா என்பதைக் காற்றிடம் கேட்க வேண்டும். முன்கணிப்பில் எந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது என்ற கேள்விக்கு என் பதில்: காற்றின் திசை.

நான்காம் படி: ஒற்றைக் கோடு வரையாதீர்கள்

மேலே வந்த விடையை ஒரு கோடாகக் கொடுத்தால் அடுத்த அறையில் இருப்பவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார். ஒரே கணக்கை மூன்று நான்கு விதமாகப் போடுங்கள். காற்றுத் தள்ளலை 1 விழுக்காடு, 3, 4 என்று மாற்றுங்கள். காற்றின் திசையை இருபக்கமும் 20 பாகை திருப்பிப் பாருங்கள். நீரோட்டத்தைப் பாதியாக்குங்கள், ஒன்றரை மடங்காக்குங்கள். வரும் புள்ளிகளையெல்லாம் சுற்றி ஒரு வளையம் போட்டால் ஒரு விசிறி கிடைக்கும். விசிறிதான் உங்கள் விடை.

ஐந்தாம் படி: கணினி

அமெரிக்காவின் நோவா அமைப்பு உருவாக்கிய நோம் என்ற மென்பொருள் இந்த வேலைக்கென்றே உள்ளது. இணைய உலாவியிலேயே ஓடும் வடிவமும் உண்டு. இன்காய்ஸின் எண்ணெய்க் கசிவு ஆலோசனைச் சேவையும் இதையே அடிப்படையாகக் கொண்டது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு நார்வே வானிலை நிறுவனத்தின் ஓப்பன்டிரிஃப்ட் நல்ல தேர்வு. எல்லாமே ஒரே கருத்துதான்: எண்ணெயை ஆயிரம் துகள்களாகப் பாவித்து, ஒவ்வொன்றையும் நீரோட்டத்தாலும் காற்றாலும் நகர்த்தி, கொஞ்சம் தற்செயலாகச் சிதறவும் விடுவது. பென்சிலில் ஒரு துகளுக்குச் செய்ததை இங்கே ஆயிரத்துக்குச் செய்கிறார்கள்.

நோம் படத்தில் இரண்டு நிறப் புள்ளிகள் வரும். கருப்பு, இருக்கும் தகவலை வைத்துச் சொல்லும் சிறந்த மதிப்பீடு. சிவப்பு, தகவலில் பிழை இருந்தால் எண்ணெய் எதுவரை போகக்கூடும் என்பது. புதியவர்கள் கருப்பைப் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிடுவார்கள். சிவப்புக்குள் ஒரு கழிமுகமோ, அலையாத்திக் காடோ, கடல்நீரை உள்ளிழுக்கும் குடிநீர் ஆலையோ இருந்தால் அங்கேயும் ஆள் அனுப்ப வேண்டும். அங்கே எண்ணெய் வருவதற்கான வாய்ப்பு குறைவாக இருக்கலாம், ஆனால் வந்துவிட்டால் சேதம் மிக அதிகம்.

பென்சில் விடையும் கணினி விடையும் எதிரெதிராக நின்றால் கணினிதான் சரி என்று எண்ணிவிடாதீர்கள். பத்தில் எட்டு முறை யாரோ திசையையோ நேரத்தையோ தலைகீழாகக் கொடுத்திருப்பார்கள்.

ஆறாம் படி: கடைசி இரண்டு கிலோமீட்டர்

எந்தப் பெரிய கணினி மாதிரிக்கும் கண் தெரியாத இடம் இது. உலக நீரோட்டக் கோப்புகளில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். எண்ணூர்க் கசிவு நடந்த இடமும் கரையும் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்! துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரோ, எர்ணாவூர்ப் பாறைகளோ, தூண்டில் வளைவுகளோ (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்கள்) அதற்குத் தெரியாது. ஆனால் எண்ணெய் தேங்கி நிற்பது அவற்றின் மடியில்தான். இங்கே உள்ளூர்க் கண்ணுக்கு நிகர் எதுவுமில்லை. வழக்கமாகப் பிளாஸ்டிக் குப்பையும் ஆகாயத்தாமரையும் எந்த மூலையில் ஒதுங்கும் என்று குப்பத்தில் கேளுங்கள். எண்ணெயும் அநேகமாக அங்கேதான் ஒதுங்கும். கடலில் போட்ட வலை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதும் ஒரு நீரோட்ட அளவைதான். அதைத் தொலைபேசியிலேயே கேட்டு வாங்கலாம்.

கழிமுகம் தனிக் கதை. சென்னைக் கரையில் ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) சிறியது, பௌர்ணமி, அமாவாசையில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். திறந்த கடலில் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டாலும் குற்றமில்லை. முகத்துவாரத்தில் அப்படி விட முடியாது, ஏற்றத்தில் எண்ணெய் உள்ளே போய்விடும். எதிர்ப்பக்கக் கசிவும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குள் பரவியது. அங்கே கடல் நீரோட்டப் படம் எதுவும் உதவாது. ஆற்று வெள்ளமும் ஓதமும்தான் கணக்கு.

தடுப்பு மிதவையை, பூம் என்பார்கள், எங்கே போடுவது என்பதற்கும் நீரோட்டமே பதில். மிதவைக்குச் செங்குத்தாக 0.7 நாட்டுக்கு மேல் நீர் ஓடினால் எண்ணெய் அடியில் புகுந்து போய்விடும். மேலே போட்ட கணக்கில் நீரோட்டம் அரை நாட், அதனால் மிதவை தாங்கும். ஒரு நாட் என்றால் குறுக்கே கட்டிப் பயனில்லை. சாய்வாகக் கட்டி, நீர் அமைதியாக இருக்கிற ஒரு மூலைக்கு எண்ணெயை ஒதுக்க வேண்டும்.

ஏழாம் படி: பார்த்துத் திருத்துவது

காலையில் ஹெலிகாப்டரோ படகோ போய்ப் பார்த்துவிட்டு வந்தால், எண்ணெய் இருக்கும் இடத்தைப் புதிய தொடக்கமாக வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள். பழைய கணக்கை நியாயப்படுத்த வேண்டாம். ஆறு அல்லது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் பிழை சேர்ந்துகொண்டே போகாது.

மேலிருந்து பார்ப்பவருக்கு நிறமே அளவுகோல். வெள்ளிப் பளபளப்பும் வானவில் நிறமும் பார்க்கப் பயமாக இருந்தாலும் மிக மெல்லிய படலம். ஒரு சதுர கிலோமீட்டர் வானவில்லில் இருப்பது 300 முதல் 5,000 லிட்டர்தான். அதே பரப்பில் முழுக் கருப்பாக இருந்தால் 2 லட்சம் லிட்டருக்கு மேல். எண்ணூரில் கொட்டியதாகச் சொல்லப்பட்ட 200 டன்னும் ஒரு சதுர கிலோமீட்டர் கருப்புக்குள் அடங்கிவிடும் என்றால் பாருங்கள். ஆகவே படகுகளை வானவில்லைத் துரத்த விடாமல் கருப்பைத் தேட அனுப்புங்கள்.

மேகமும் இரவும் மறைத்தால் சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள் படங்கள் உண்டு. எண்ணெய் சிற்றலைகளை அடக்குவதால் படத்தில் கரும்பட்டையாகத் தெரியும். ஆனால் காற்றே இல்லாத கடலும் அப்படியே கருப்பாகத் தெரியும். படம் எடுத்த நேரத்தில் காற்று எவ்வளவு என்று பார்க்காமல் கரும்பட்டையை எண்ணெய் என்று எழுதிவிடாதீர்கள்.

எண்ணெய் இல்லாமல் வேறு ஏதாவது என்றால்

2021 ஜூனில் கொழும்புக்கு அருகே மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ளிலிருந்தும், 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலிலிருந்தும் கரைக்கு வந்தவற்றில் பிளாஸ்டிக் குருணைகள் முக்கியமானவை. எல்சாவின் சரக்குப் பெட்டகங்கள் (கன்டெய்னர்கள்) கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் ஒதுங்கின. குருணைகள் திருவனந்தபுரம் தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும் வந்தன. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரை நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுவதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. கணக்குமுறை அதேதான், காற்றுத் தள்ளல் மட்டும் மாறும். நீருக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுக்குக் காற்று பிடிக்கும். பாதி மிதக்கும் காலிப் பெட்டகம் காற்றோடு ஓடும். ஏறத்தாழ மூழ்கிய பெட்டகமும் குருணையும் நீரோடு போகும். ஆகவே ஒரே கப்பலின் சரக்குக்கு ஒரே விசிறி போதாது, பொருளுக்கு ஒன்று வரைய வேண்டும்.

கடைசிப் படி: சொல்வது

களத்தில் இருப்பவருக்கு ஆயிரம் புள்ளிப் படம் வேண்டாம். இப்படி ஒரு தகவல் போதும்:

"காலை 6 மணி (இ.நே.) நிலவரம். எண்ணெய் தெற்கு-தென்மேற்கே நகர்கிறது. முதல் கரையேற்றம் பிற்பகல் 2 முதல் மாலை 6 மணிக்குள், திருவொற்றியூர் முதல் காசிமேடு வரை. காற்று கிழக்கே திரும்பினால் இன்னும் முன்னதாக, எர்ணாவூரிலேயே ஏறும். வடக்கே திரும்பினால் கரையேறாமல் மெரினாவைத் தாண்டித் தெற்கே போகும். அடுத்த கணக்கு மதியம் 12 மணிக்கு."

எப்போது மாறும், எதனால் மாறும், அடுத்து எப்போது சொல்வேன் என்ற மூன்றும் இருக்கட்டும். அடுத்த தகவலுக்குச் சொன்ன நேரத்தில் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் "மாற்றமில்லை" என்று அனுப்புங்கள்.

பயிற்சிக்கு நிஜக் கசிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மீனவ நண்பர் ஒருவரோடு படகில் போய், கரையிலிருந்து தெரியும் தூரத்தில் பத்து ஆரஞ்சுப் பழங்களைப் போட்டுவிட்டு வாருங்கள். பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்து மிதப்பதால் ஆரஞ்சு ஓரளவுக்கு எண்ணெய்போலவே நகரும், கடலுக்குக் கேடும் இல்லை. போடுவதற்கு முன்பே விசிறியை வரைந்து, எங்கே எத்தனை மணிக்கு ஒதுங்கும் என்று தாளில் எழுதி, அந்த மீனவரையும் தன் கணிப்பைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு தாள்களோடும் கரையில் நடந்து பழங்களைத் தேடுங்கள். முதல் இரண்டு முறை அவர் கணிப்புதான் கிட்டத்தில் இருக்கும்.